மருங்காபுரி இருட்டும் ஒரு மாயச் சுருளும்

“இவ்வளவுதானா?”

பொங்கலையும் அதை ஒட்டி வந்த தை அமாவாசையையும் சேர்த்து நாலு இரவுகள் மருங்காபுரிப் பனியில் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு நின்று, அதற்குப் பிறகு ஒரு வாரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டு, நான் ஒருவாறாக உருவாக்கியிருந்த படத்தை ஸ்ரீரங்கத்தில் ஒரு காப்பிக் கடை வாசலில் கைபேசியில் காட்டியபோது, என் பால்ய சிநேகிதர் ஒருவர் அதை இரண்டு விரலால் அகட்டிப் பார்த்து, மறுபடி சுருக்கிப் பார்த்து, திரையில் தூசி ஒட்டியிருக்கிறதோ என்று கட்டை விரலால் ஒருமுறை துடைத்தும் பார்த்துவிட்டுத் திருவாய் மலர்ந்தருளிய வார்த்தை இதுதான்.

(அவர் துடைத்தது தூசியை அல்ல. அதுதான் படம்.)

“நேத்து வாட்ஸ்அப்ல ஒண்ணு வந்துச்சேப்பா, சும்மா கலர் கலரா, சுழி சுழியா!” என்றும் சொன்னார். அவர் காட்டியதைப் பார்த்தேன். விதியின் விளையாட்டு என்னவென்றால், அதுவும் நான் படமெடுத்த அதே நக்ஷத்திர மண்டலந்தான். 2022-ஆம் வருஷம் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்தது. அதன் கண்ணாடி ஆறரை மீட்டர் அகலம். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, பனியும் இல்லாமல் தெருவிளக்கும் இல்லாமல் மிதந்துகொண்டிருக்கிறது. என்னுடைய கண்ணாடி 6 அங்குலம்; அத்தை வீட்டுக் களத்தில், மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில், ஒரு செங்கல்லின் தயவில் நிற்கிறது.

அந்தச் செங்கல்லைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கோபம் பாதி, சந்தோஷம் பாதி.

முதலில் கதாநாயகனை அறிமுகம் செய்துவிடுகிறேன். மெஸ்ஸியே என்பவர் தொகுத்த வான்பொருள் ஜாபிதாவில் 74-ஆவது. பிரான்சு தேசத்து மெஷேன் என்பவர் 1780-இல் கண்டுபிடித்தார். ஏறத்தாழ மூன்று கோடி ஒளியாண்டு தூரத்தில், நமக்கு நேர்முகம் காட்டி, தட்டில் வைத்த கோலம்போல விரிந்து கிடக்கும் ஒரு சுருள் மண்டலம் அது. பார்வைக்குச் சந்திரனின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். அப்படியானால் எளிதாகத் தெரியவேண்டுமே என்பீர்கள்; அங்கேதான் சூக்ஷ்மம். பஞ்சாங்கத்துக்குக் கணிக்கிற மாதிரி அதன் மொத்த ஒளியையும் கூட்டி எண்ணாக எழுதிப் பார்த்தால் கௌரவமான எண்தான் வருகிறது. ஆனால் ஒரு கரண்டி நெய்யை ஓர் அண்டாச் சோற்றில் ஊற்றிக் கலந்தவன், ‘நெய்யே விடவில்லையே’ என்று பந்தியில் உட்கார்ந்தவர்களிடம் பேச்சு வாங்குவதைப் போல, அவ்வளவு ஒளியும் அவ்வளவு பரப்பில் பரவிக் கிடப்பதனால் எந்த ஓர் இடத்திலும் கண்ணுக்கு எட்டுகிற அளவு தங்குவதில்லை. மெஸ்ஸியே ஜாபிதாவில் உள்ள நூற்றுச் சொச்சத்தில் மிகச் சிரமமானது இதுவே என்று அனுபவஸ்தர்கள் சொல்வார்கள். ‘மாயாவி’ என்று பொருள்படும் ஒரு செல்லப் பெயரும் மேல்நாட்டில் இதற்கு உண்டு. ஜான் ஹெர்ஷல் போன்ற மகா நிபுணரே இதை நக்ஷத்திரக் கொத்து என்று தவறாகக் குறித்துவைத்தார். அயர்லாந்தில் 72 அங்குலக் கண்ணாடி வைத்திருந்த ராஸ் பிரபுதான் இதையும் சுருள் வடிவக் கூட்டத்தில் சேர்த்தவர்.

எழுபத்திரண்டு அங்குலம். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

“அதுக்கு என்ன நட்சத்திரம்?” என்று அத்தை கேட்டாள்.

கேலி இல்லை; உண்மையாகவே கேட்டாள். வீட்டுக்கு வருகிற யாராயிருந்தாலும், மனிதரானாலும் மாடானாலும், முதலில் நக்ஷத்திரம் கேட்பது அவள் வழக்கம். நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேல்நாட்டு வரைபடத்தில் அந்த இடம் மீனத்துக்குள் வருகிறது. நம் பஞ்சாங்கத்தின் அயனாம்சத்தைக் கழித்துப் பார்த்தாலோ மேஷ ராசி, அசுவினி என்று வருகிறது! வானத்தில் தேடுவதற்கும் அதுவே வழி: அசுவினி நக்ஷத்திரத்திலிருந்து தென்மேற்கே கோடு இழுத்துக்கொண்டு போனால் மீனத்தில் ஒரு மங்கலான நக்ஷத்திரம், அதற்குச் சற்று முன்னால் நம்முடைய மாயாவி. சென்னை நக்ஷத்திர சாலையில் உத்தியோகம் பார்த்து, 1867-இல் மாறொளி நக்ஷத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்த சிந்தாமணி ரகுநாதாசாரியார் பஞ்சாங்கத்தையும் தொலைநோக்கியையும் ஒரே மேஜையில் வைத்துக்கொண்டவர். அவர் இருந்திருந்தால் அத்தையின் கேள்வியைக் கௌரவமாகவே ஏற்றுக்கொண்டிருப்பார் என்பது என் அபிப்பிராயம்.

“அசுவினி, அத்தை.”

“நல்ல நட்சத்திரந்தேன்” என்று அனுமதி கிடைத்தது.

ஸ்ரீரங்கத்திலேயே எடுக்கலாமே, எதற்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும் என்பாருக்கு: எங்கள் மொட்டைமாடியில் ஏறினால் ராஜகோபுரம் தெரியும். 236 அடி உயரத்துக்கு விளக்குப் போட்டு ஜொலிக்கும். அதில் எனக்கு லவலேசமும் குறையில்லை. ஆனால் கோபுரம் அப்படித் தெரிகிற இடத்தில் மாயாவி தெரியமாட்டான், இரண்டில் ஒன்றுதான். ஆகவே மதுரை சாலையில் விராலிமலையைத் தாண்டி, துவரங்குறிச்சிப் பக்கம் போய், ஒரு காலத்தில் ஜமீன் ஊராக இருந்து இன்று தாலுகாத் தலைநகரமாக இருந்தும் ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் கதவடைக்கிற மருங்காபுரியில் அத்தை வீட்டுக் களத்தைத் தஞ்சம் அடைந்தேன்.

காலத்தைப் பற்றியும் ஒரு புலம்பல் இருக்கிறது. இந்த மண்டலம் நடுநிசியில் உச்சிக்கு வருவது ஐப்பசியில். ஐப்பசி என்றால் நமக்கு என்ன? அடைமழை! ஐரோப்பியன் தன் புத்தகத்தில் ‘அக்டோபர், நவம்பர் உகந்த மாதங்கள்’ என்று எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டான். வடகிழக்குப் பருவமழை அவன் புத்தகத்தைப் படிப்பதில்லை. மழை ஓய்ந்து வானம் வெளுப்பதற்குள் தை பிறந்துவிடுகிறது. அப்போது இருட்டு முழுமையாகக் கவிவது சுமார் 7.20-க்கு, மண்டலமோ அதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே உச்சியைக் கடந்து மேற்கே சாயத் தொடங்கியிருக்கும். பத்தேகால் மணிக்குள் ஆகாயத்தின் அடிப்புகைக்குள் இறங்கிவிடும். ஆக ஒரு ராத்திரிக்கு மூன்று மணி நேரம். இவ்வருஷம் காணும் பொங்கலுக்கு மறுநாளே தை அமாவாசை வந்ததால் நிலாவின் தொந்தரவு இல்லை. பகவான் பார்த்துக் கொடுத்த நாலு நாள்.

முதல் நாளைச் செங்கல் சாப்பிட்டது.

தொலைநோக்கியைத் தாங்கி, நக்ஷத்திரங்களின் போக்குக்கு ஏற்ப மெல்லத் திருப்புகிற யந்திரம் ஒன்று உண்டு. அதன் அச்சு, பூமி எந்த அச்சில் சுழல்கிறதோ அதற்கு இணையாக, வட துருவத்தை நோக்கி நிற்கவேண்டும். லண்டன்காரனுக்குத் துருவ நக்ஷத்திரம் வானத்தில் 51 பாகை உயரத்தில் ஜம்மென்று நிற்கும். மருங்காபுரியிலோ பத்தரைப் பாகைதான். அதாவது வடக்கு வரப்பில் நிற்கும் பனைமரத்தின் கழுத்துக்கு நேரே, மணப்பாறை ஊரின் வெளிச்சம் படிந்த புகைமூட்டத்துக்குள். கல்யாணத்தில் மணமக்களுக்கு அருந்ததியும் துருவனும் காட்டுகிற புரோகிதர்கள் எதைக் காட்டிவிட்டுத் தக்ஷிணை வாங்குகிறார்கள் என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம்.

போதாக்குறைக்கு, என் யந்திரத்தின் அளவுகோல் 15 பாகையோடு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே மனிதர்கள் வசிப்பார்கள், அவர்களும் ஆகாயத்தைப் பார்ப்பார்கள் என்று அதைச் செய்தவர்களுக்குத் தோன்றவில்லை போலும். இன்னும் கீழே இறக்க முயன்றால், எடைக்கல் கோத்த தண்டு முக்காலியின் காலில் ‘டங்’கென்று இடிக்கிறது. பொங்கலன்று இரவு, வீட்டார் அனைவரும் சர்க்கரைப் பொங்கலின் மயக்கத்தில் இருந்த வேளையில், நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு இந்தப் பிரச்னையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு முக்காலியை அரைச்சுற்றுத் திருப்பி, ஒரு கால் தெற்கேயும் மற்ற இரு கால்களின் இடைவெளி வடக்கேயும் இருக்கும்படி வைத்தேன்; தண்டு இடிபடாமல் அந்த இடைவெளிக்குள் இறங்கிற்று. குறைகிற நாலரைப் பாகைக்குத் தெற்குக் காலைத் தூக்கவேண்டும். எவ்வளவு என்று கணக்குப் போட்டால் ஏழு சென்டிமீட்டர் சொச்சம் வந்தது.

சொன்னால் நம்பமாட்டீர்கள். நம் ஊர்ச் சூளைச் செங்கல்லின் கனம் அதுதான்.

அத்தை காலையில் பொங்கல் வைத்த அடுப்பிலிருந்து, இன்னும் கரி ஒட்டியிருந்த ஒரு கல்லை உருவிக் காலுக்கடியில் கொடுத்தேன். பனைமரத்துத் துருவனை மறந்துவிட்டு, தெற்கு உச்சியில் ஒரு நக்ஷத்திரத்தைப் பிடித்து, அது ஐந்து நிமிஷத்தில் மேலே நழுவுகிறதா கீழே நழுவுகிறதா என்று பார்த்து, அதற்குத் தக்கபடி திருகாணியை இம்மியளவு திருகி, மறுபடி ஐந்து நிமிஷம் பார்த்து... இப்படியே பத்து மணி ஆகிவிட்டது. அன்று எடுத்த படம் பூஜ்யம். ஆனால் மறுநாள் நக்ஷத்திரம் ஆணி அடித்ததுபோல் நின்றது.

இரண்டாம் நாள், மாட்டுப் பொங்கல், முப்பத்தெட்டுப் படங்கள் எடுத்தேன். ஒவ்வொன்றும் இரண்டு நிமிஷம். முக்கால்வாசி குப்பை. காரணம் இரண்டு. முதலாவது என் அஜாக்கிரதை: சாயங்காலம் கூர்மையைச் சரிசெய்துவிட்டு அதோடு மறந்துவிட்டேன். பனி இறங்க இறங்க இரும்புக் குழாய் குளிர்ந்து சுருங்கிக் கூர்மை நழுவிவிட, நக்ஷத்திரங்கள் எல்லாம் துவரம்பருப்பாக உப்பிக்கிடந்தன. (அரை மணிக்கொரு தரம் சரிபார்க்கவேண்டும். கல்யாணப் பத்திரிகை அட்டையில் சீப்புப்போல் கீறல் வெட்டிக் குழாயின் வாய்க்கு மாட்டினால், பிரகாசமான நக்ஷத்திரம் மூன்று கோடுகளாகத் தெரியும். நடுக்கோடு சரிபாதியில் விழுந்தால் கூர்மை சரி. நாலணாச் செலவில்லை.)

இரண்டாவது காரணம் விளக்கு. களத்துக்கு மேற்கே, நான் போன தடவை வந்தபோது இல்லாத ஒரு கம்பத்தில், வெள்ளை எல்.ஈ.டி. விளக்கு ஒன்று புதிதாக முளைத்திருந்தது. யார் போட்டார்கள் என்பது நமக்கு வேண்டாம். தெருவுக்கு விளக்கு வேண்டாம் என்று சொல்கிற கல்நெஞ்சன் அல்ல நான். பாம்பு நடமாடுகிற ஊர். என் ஆவலாதி, அந்த விளக்கு தெருவைப் பார்ப்பதைவிட வானத்தையும் என் களத்தையும் அதிகமாகப் பார்க்கிறது என்பதுதான். அதன் அடியில் நடப்பவனுக்குக் கண் கூசுகிறதே தவிர, கால் வைக்கிற பள்ளம் தெரிவதில்லை.

மூன்றாம் நாள் ஒரு யுக்தி செய்தேன். பரணில் கிடந்த பழைய கோரைப்பாயைக் குழாயின் முனையில் சுற்றி, அரைமுழம் நீட்டிக்கொண்டிருக்கும்படி கயிற்றால் கட்டினேன். பக்கவாட்டு வெளிச்சமும் மறைந்தது, பனியும் கண்ணாடியில் படியவில்லை. கடையில் இதற்கென்று விற்கிற கறுப்புக் குழல் ஆயிரக்கணக்கில் விலை. அன்று அறுபத்தொரு படம் தேறின.

நாலாம் நாள்தான் விசேஷம்.

அமாவாசை. காலையில் ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பி, அம்மா மண்டபத்துப் படித்துறையில் நெரிசலோடு நெரிசலாக அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்துவிட்டு, சாப்பிட்ட கையோடு மறுபடி மருங்காபுரிக்குக் கிளம்பினேன். (வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை எழுதுவதற்கில்லை.) இருட்டியதும் ஆரம்பித்தேன். எட்டு மணி பத்து நிமிஷத்துக்கு, யாதொரு முன்னறிவிப்புமில்லாமல், ஊர் முழுதும் கரண்டு போயிற்று.

ஊரெல்லாம் ‘ச்சே’ என்ற ஒரே குரல். நான் ஒருவன் மட்டும் களத்தில் நின்று துள்ளிக் குதித்தேன். என் யந்திரம் ஓடுவது பழைய பேட்டரியில். அதற்குக் கரண்டு வந்தாலென்ன, போனாலென்ன! மேற்கே அந்த விளக்கு செத்தது. வடக்கே மணப்பாறைப் பக்கத்து வெளுப்பும் மங்கிற்று. கண் பழகப் பழக, மேலே ஒவ்வொரு அடுக்காகத் திறந்துகொண்டே போயிற்று. அசுவினிக்கும் கார்த்திகைக்கும் நடுவே அத்தனை நக்ஷத்திரம் இருக்கிறது என்பதை நான் படத்தில் பார்த்திருக்கிறேனே ஒழிய ஆகாயத்தில் பார்த்ததில்லை.

அத்தை விசிறியோடு வெளியே வந்து கட்டிலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள்.

“நாங்க சின்னப்புள்ளையில வாசல்ல கட்டிலப் போட்டா இம்புட்டும் தெரியும். ஒங்கப்பாதான் எண்ணிக்கிட்டே தூங்கிப்போவாரு.”

ஐம்பது நிமிஷம். இருபத்திரண்டு படம். பிறகு கரண்டு வந்துவிட்டது. ஊர் ‘ஆ’ என்றது. அவ்விருபத்திரண்டையும் மற்றவற்றையும் பின்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, ஒரே கருவி, ஒரே மனிதன், ஒரே வானம், ஆனால் ஒன்று மோர் கலங்கிய தண்ணீர், மற்றது கிணற்றுத் தண்ணீர்.

மறுநாள் விடியற்காலையில் ஒரு சடங்கு பாக்கியிருந்தது. கண்ணாடியிலும் காமிராவிலும் உள்ள தூசியின் நிழலைக் கழிப்பதற்காக, சீரான வெள்ளை வெளிச்சத்தைச் சில படங்கள் எடுத்துக்கொள்ளவேண்டும். குழாயின் வாயில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, வெளுக்கிற வானத்தைப் பார்த்து எடுப்பார்கள். கையில் இருந்த ஒரே வெள்ளைத் துணி முந்தின நாள் உடுத்தி அலசிக் காயப்போட்டிருந்த வேட்டி.

“தர்ப்பணத்துக்குக் கட்டுன வேட்டியவா கொழாய்க்குக் கட்டுற?”

பதில் சொல்லத் தெரியவில்லை. கட்டிவிட்டேன்.

ஸ்ரீரங்கத்துக்கு வந்ததும் எல்லாப் படங்களையும் ஸிரில் என்னும் இலவச மென்பொருளில் போட்டு, கெட்டதைப் பொறுக்கித் தள்ளி, நல்லதை அடுக்கினேன். தேறியவை 104, அதாவது 3 மணி 28 நிமிஷத்து வெளிச்சம். ஏன் இத்தனை என்றால், ஒரே படத்தில் இரைச்சல் மிகுந்து மாயாவி அதற்குள் ஒளிந்துகொள்கிறான். அடுக்க அடுக்க, அவன் அதே இடத்தில் நிற்க, இரைச்சல் மட்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சாய்கிறது. ஆனால் இரைச்சல் பாதியாவதற்கு நாலு மடங்கு படம் வேண்டும். அதிலும் பாதியாவதற்குப் பதினாறு மடங்கு. கந்துவட்டிக்காரன் கணக்கு. 1888-இல் ஐஸக் ராபர்ட்ஸ் 20 அங்குலக் கண்ணாடியும் ரசாயனத் தகடும் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருந்துதான் ஆண்ட்ரமீடா மண்டலத்தின் சுருளை முதன்முதலில் படத்தில் காட்டினார். பிரகாசமான ஆண்ட்ரமீடாவுக்கே அந்தப் பாடு.

அடுக்கி முடித்து, இருண்ட பகுதியை மெல்ல இழுத்து வெளிச்சமாக்கியபோது, 5,184 புள்ளி அகலமுள்ள படத்தின் நடுவே, ஏறக்குறைய ஐந்நூறு புள்ளி அகலத்துக்கு, மூச்சுப்பட்ட கண்ணாடிமேல் விரலால் கீறியதுபோல ஒரு சுருள் தெரிந்தது.

அத்தைக்குத்தான் முதலில் காட்டினேன், வீடியோ அழைப்பில். மணப்பாறைக்குப் பக்கத்தூர்க்காரிக்கு எந்த உவமை சொல்வேன்? “முறுக்கு மாதிரி இருக்குல்ல, அத்தை?”

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். நாற்பது வருஷமாகக் கையால் முறுக்குச் சுற்றுகிறவள்.

“முறுக்கா? முறுக்குன்னா உள்ளுக்குள்ள ஒரு நுனி, வெளியில ஒரு நுனி. இதுக்கு வெளியில ரெண்டு நுனி இருக்கேப்பா. எதிரும் புதிருமா ரெண்டு பேரு ஒக்காந்து சுத்துனாப்புல இருக்கு.”

எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்த மண்டலத்தின் சிறப்பே அதுதான். நடுவிலிருந்து எதிரெதிராகப் புறப்படும் இரண்டு பெருங்கரங்கள். 72 அங்குலக் கண்ணாடி வைத்திருந்தவர் கண்ட சுருளை, ஆறங்குலக் கண்ணாடி எடுத்த கறைபோன்ற படத்தில், கைபேசித் திரையில், எழுபது வயதுக் கிழவி நுனி எண்ணிச் சொல்லிவிட்டாள்.

(அந்தக் கரங்கள் கயிறுபோல நிலையானவை அல்ல என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். பொங்கல் சமயத்தில் மதுரை சாலையில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஊர்ந்து போனால், பின்னால் வண்டிகள் மொய்த்துக்கொண்டு நிற்குமே, அதைப் போன்றது. ஒவ்வொரு வண்டியும் நெருங்கி, திணறி, ஒதுங்கி முன்னேறிப் போய்விடும். நெரிசல் மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கும். நக்ஷத்திரங்களும் வாயுவும் அப்படித்தான் கரத்துக்குள் புகுந்து வெளியேறுகின்றன. நெரிசலில் நசுங்கிய வாயுவிலிருந்து புது நக்ஷத்திரங்கள் பிறப்பதனால்தான் கரம் நீலமாக மின்னுகிறது. லின், ஷூ என்ற இருவர் 1964-இல் சொன்ன விளக்கம் இது.)

ஆகவே சிநேகிதரே, ‘இவ்வளவுதான்’. என் கையில் அகப்பட்டது இவ்வளவுதான். அதிலும் உருப்படியான பங்கு, கரண்டு இல்லாத ஐம்பது நிமிஷம் கொடுத்தது.

மருங்காபுரிக்கு வடமேற்கே கடவூர் மலைப் பக்கம், 2022-இல் தேவாங்குக்கென்றே நாட்டிலேயே முதலாவதாக ஒரு சரணாலயம், 11,806 ஹெக்டேர், அறிவித்திருக்கிறார்கள். இரவில் மட்டும் இரை தேடுகிற அந்த ஜீவனுக்கும் இருட்டுதான் வீடு. கொல்லிமலையில் இருள்வானப் பூங்கா அமைக்கப்போவதாகவும் அரசாங்கம் அறிவித்தது. சந்தோஷம். ஆனால் நான் கேட்பது பூங்கா அல்ல, ஒரு தகரக் குடை. மருங்காபுரிக் களத்துக்கு மேற்கே உள்ள அந்த விளக்குக்கு, வெளிச்சம் கீழே மட்டும் விழும்படி, ஒரு முழத் தகரத்தை வளைத்து மாட்டினால் தெருவும் நன்றாகத் தெரியும், அசுவினியும் தெரியும். மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டு வாசலிலும் மொட்டைமாடியிலும் அண்ணாந்து எரிகிற விளக்கு இருந்தால், அதற்கு மனு வேண்டாம், நீங்களே குனியவைத்துவிடலாம்.

மாசி அமாவாசைக்குள் மாயாவி மேற்கே சாய்ந்துவிடுவான். இனி அடுத்த மார்கழி, தையில்தான். செங்கல்லை அத்தை எடுத்துவைத்திருக்கிறாள். வர விருப்பமுள்ளவர்கள் முன்கூட்டிச் சொல்லுங்கள். டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டு வாருங்கள். முறுக்கு உண்டு.